கை மட்டும் பாக்கி

ராஜகீழ்ப்பாக்கம்
22 ஜூலை 2025

ஜோசலின் அக்கா,

முதலில் சத்தியம் செய். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் இருப்பவர்களிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு.

ஸ்தோத்திரம் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டேன். ஸ்தோத்திரம். உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது? அங்கே இன்னும் நாலரை மணிக்கே எழுப்புகிறார்களா? நீட் படிப்புக்குப் போனவளிடம் போன் கிடையாது என்று எல்லோரும் உன்னைப் பாவம் பார்த்தார்கள். இப்போது என்னிடமும் இல்லை. அப்பா வாங்கிவிட்டார். அதனால்தான் கடிதம்.

பின் தெருவில் தனியாக இருந்த பட்டு மாமியை உனக்குத் தெரியும். கிறிஸ்மஸ் கேக் கொடுத்தால் முட்டை போடாததா என்று மூன்று தடவை கேட்டு வாங்கிக்கொள்வார்களே, அவர்கள்தான். போன செவ்வாய்க்கிழமை மாமியை யாரோ வீட்டுக்குள்ளேயே கொன்றுவிட்டார்கள். நகை இல்லையாம். அன்று மத்தியானம் கேமராவில் ஒருவர் பையோடு உள்ளே போய், பை இல்லாமல் வெளியே வருகிறார். அது துளசிங்கம் அண்ணா. நம் டெய்லர். தைத்த ரவிக்கைகளைக் கொடுக்கப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமையிலிருந்து ஒரு ஆடியோ சுற்றுகிறது. அவர் குரல்தான். “கழுத்து வெட்டிட்டேன். கை மட்டும் பாக்கி கீது. நாளைக்கு சாய்ந்திரம் முடிச்சுட்றேன். யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க. மத்த வேலையெல்லாம் வுட்டுட்டு உங்களுதுதான் பார்த்துகினு கீறேன்.”

அக்கா, அது என் பிளவுஸ். சபையில் முதல் திருவிருந்து எடுத்த திடப்படுத்தல் ஆராதனைக்கு வெள்ளைச் சேலையோடு போட்டேனே, அது. ஆராதனைக்கு மூன்று நாள் முன்னால், பத்தாம் தேதி, அம்மாவுக்கு அவர் அனுப்பிய வாய்ஸ். நானும் அம்மாவும் கேட்டுச் சிரித்தோம்.

இப்போது அதைக் கொலைகாரனின் வாக்குமூலம் என்கிறார்கள்.

பதில் வீட்டுக்கே போடு. கீழே இருக்கும் தபால் பெட்டியை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை.

உன்
ஜெரு


நாமக்கல் விடுதி
30 ஜூலை

ஜெருக்குட்டிக்கு,

ஸ்தோத்திரம். வயிறு பரவாயில்லை. மோர் குடிக்கிறேன். நாலரை அல்ல, இப்போது நாலு மணி.

கடிதம் வந்ததும் வார்டன் மேடம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தக் காலத்துல யாரும்மா உனக்கு லெட்டர் போடறது?” தங்கச்சி என்றதும் கொடுத்துவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆடியோவைப் படித்தபோது முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் டெய்லரும் இதே பாட்டுத்தான் பாடுவார். அப்புறம் உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் கீழே இறங்கிப் போயிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது? சித்தியைப் போலீசிடம் போய் ஒரு வார்த்தை சொல்லச் சொல். இது எனக்கு வந்தது, இந்தத் தேதியில் வந்தது, என் மகள் ரவிக்கை. முடிந்தது.

ஒன்று மட்டும் புரியவில்லை. சித்திக்கு வந்த வாய்ஸ் வெளியே எப்படிப் போயிற்று? அதை நீ எழுதவே இல்லையே.

நன்றாகச் சாப்பிடு. இரவில் விழித்திருந்து எழுதாதே.

அக்கா


ராஜகீழ்ப்பாக்கம்
6 ஆகஸ்ட்

அக்கா,

ஸ்தோத்திரம். நான் நலம். அம்மாவுக்குத்தான் ரத்த அழுத்தம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாளாம்.

இரவில்தான் எழுத முடிகிறது. கணக்கு நோட்டுக்கு அடியில் வைத்து எழுதுகிறேன்.

விஷ்ணுப்ரியாவின் போனில் மதிய இடைவேளையில் பார்க்கிறேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். துளசிங்கம் அண்ணா, குடிசைகளை இடித்து ஆட்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறார் இல்லையா? “அங்கேருந்து வந்தவனா, அப்ப அவன்தான்” என்று நானூறு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர் தையல் கற்றுக்கொண்டது ஜெயிலில் என்று ஒருவர் போட்டார். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அவர் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் ஜாக்கெட் தைத்தவர். அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். உடனே “தோல் வெட்டின கை” என்று தலைப்பு. அவர் போனில் வாய்ஸ் எல்லாம் ஒரே நாளில் தானாக அழிந்துவிடும். மெமரி நிறைந்துவிடுகிறது என்று அவர் மகள் அப்படி வைத்துக் கொடுத்தாள். குற்றம் செய்யாதவன் ஏன் அழிக்கிறான் என்று கேட்கிறார்கள்.

வீடியோவில் அவர் குரலுக்குக் கீழே எழுத்து ஓடுகிறது. அவர் சொன்னது “கழுத்து வெட்டிட்டேன்.” எழுத்தில் “கழுத்தை வெட்டிட்டேன்.” ஒரே ஒரு ஐ. தமிழ் மிஸ் வேற்றுமை உருபு நடத்தும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதைவிடப் பயம் வேறு. “உங்களுதுதான் பார்த்துகினு கீறேன்” என்கிறாரே, அந்த “உங்க” யார் என்று தேடுகிறார்கள். கொலை செய்யச் சொன்ன ஆள் ஒருவர் இருக்கிறாராம். பெண்ணாக இருக்கலாமாம். மாமியின் மகன் லக்ஷ்மிநாராயணன் சார் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார். அவர் மனைவியின் படத்தை எடுத்து வட்டம் போட்டிருக்கிறார்கள்.

நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். நீ சொன்னதாக அல்ல, நானாக.

“அப்பா, அம்மா போய்ச் சொன்னா விட்டுடுவாங்கப்பா.”

“யாரை விடுவாங்க? அவனை விட்டுட்டு உங்கம்மாவைப் பிடிப்பாங்க. அந்த ‘உங்க’ யாருன்னு ஊரே தேடுது. நாமளே போயி, இதோ இவதான்னு நிக்கவா? ஒரு டீச்சர் போட்டோவை அப்படிப் போட்டான்னா அப்புறம் எந்த ஸ்கூல்ல போய் நிப்பா?”

“நம்ம வீட்டு பிளவுஸ்தானேப்பா...”

“போலீஸ்காரங்களுக்கு எல்லாம் தெரியும், ஜெரு. நீ படி.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. சபைக் கமிட்டியில் கணக்கு வாசிப்பதுபோல் மெதுவாகச் சொன்னார். அன்று இரவே அம்மாவின் சிம்மை எடுத்துவிட்டார். இப்போது அம்மாவுக்குப் புது எண்.

உன்
ஜெரு


நாமக்கல்
13 ஆகஸ்ட்

ஜெரு,

ஸ்தோத்திரம். நாளை மாதத் தேர்வு. நாலு வரிதான்.

சித்தப்பா பயப்படுவது புரிகிறது. ஆனால் நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதைச் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறாய்.

வாய்ஸ் எப்படி வெளியே போயிற்று?

அக்கா


ராஜகீழ்ப்பாக்கம்
24 ஆகஸ்ட்

அக்கா,

உன் தேர்வு எப்படி இருந்தது? விலங்கியலில் மதிப்பெண் ஏறியதா? எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. இப்போது நலம்.

நான்தான்.

பத்து நாளாக இதை எழுத உட்காருகிறேன். நான்தான் அனுப்பினேன்.

வாய்ஸ் வந்த அன்றே வேடிக்கையாக இருக்கிறதே என்று என் போனில் சேமித்து வைத்திருந்தேன். மாமி செத்த மறுநாள் எங்கள் வகுப்பு குரூப்பில் எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள். ஸஹானா அழுது அழுது வாய்ஸ் போட்டாள். அவள் வீடு மாமி வீட்டுக்கு எதிர் வீடு. நான் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். “கொலையாளி சிக்கிட்டான்டி” என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலு போட்டு அதை அனுப்பினேன். அப்போது யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பிடித்தார்கள்.

இன்னொன்று. முழு வாய்ஸ் இப்படி ஆரம்பிக்கும்: “டீச்சரம்மா, பாப்பாவோட பிளவுஸு எடுத்துட்டேன்.” அதற்கப்புறம்தான் கழுத்து. அந்த முதல் வரி இருந்தால் ஜோக் வராது. அதனால் அதை நான் வெட்டினேன். விரலால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஸஹானாகூட. அங்கிருந்து யார் வெளியே எடுத்தார்கள் என்று தெரியாது. யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி, ஆடியோ சுற்ற ஆரம்பித்த அன்றே, அப்பா என் போனை வாங்கிப் பார்த்தார். முழுதும் இருந்தது, வெட்டியதும் இருந்தது. இரண்டையும் கேட்டார். மூன்று தடவை கேட்டார். அப்புறம் போனையே சுத்தமாக அழித்துவிட்டார். “அம்மாகிட்ட சொல்லாத” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா இன்னும் தன் போனை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று நினைக்கிறாள்.

முதல் ஞாயிறு திருவிருந்துக்கு நான் போகவில்லை, வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். ஆயர் ஐயா அன்று நம் பகுதியில் நடந்த பாவத்துக்காக ஜெபம் செய்தார். அப்பா எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

இனிமேல் எனக்கு எழுத மாட்டாயா?

ஜெரு


நாமக்கல்
2 செப்டம்பர்

என் ஜெருவுக்கு,

எழுதுவேன். உடம்பைப் பார்த்துக்கொள். கஞ்சி குடி.

நீ செய்தது தப்பு. சின்னத் தப்பு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ அவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. ஆக்கத் தயாராக இருந்தவர்கள் கையில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் தரும் பதினைந்து நிமிடப் போனில் சித்தியிடம் பேசிப் பார்த்தேன். புது எண்ணை என் அம்மாவிடம் வாங்கினேன். “டெய்லர் விஷயம்...” என்றதுமே “நல்லாப் படிம்மா, ஜெபத்துல நினைச்சுக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

யோசி. அந்த ரவிக்கை பத்தாம் தேதி தைத்தது என்பதற்கு வேறு ஏதாவது இருக்கிறதா? பில்? எதுவும்?

அக்கா


ராஜகீழ்ப்பாக்கம்
10 செப்டம்பர்

அக்கா,

ஸ்தோத்திரம். நீ எழுதுவாய் என்று நினைக்கவில்லை. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் பள்ளிக்குப் போனேன்.

இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பார். டெய்லர் சீட்டு. என் வேதாகமத்தில் பக்கம் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். அப்பா வீட்டையே அலசினார், வேதாகமத்தைத் திறக்கவில்லை. ரவிக்கையை அம்மா சபையின் பழைய துணி மூட்டையில் போட்டுவிட்டாள். ஆனால் சீட்டின் மூலையில் அதன் துண்டு பின் அடித்திருக்கிறது. சின்ன ரோஜா போட்ட வெள்ளை. அதுதான்.

ஜூலை ஏழாம் தேதி துணி கொடுக்கப் போனபோது நான் அவரை நச்சரித்தேன். “அண்ணா, ஞாயித்துக்கிழமை ஆராதனை. போன தடவை மாதிரி இழுத்தடிச்சீங்கன்னா கடை வாசல்லயே உக்காந்துடுவேன்.”

“இன்னா பாப்பா இப்டி மெரட்ற! இந்தா, எழுத்துலயே குடுத்துட்றேன். வியாழன் கழுத்து. வெள்ளி கை. சனி வூட்டாண்ட. போதுமா? கையெழுத்தும் போடவா?”

கையெழுத்தும் போட்டார், அக்கா. சீட்டின் பின்பக்கம் பார்.

முந்தாநாள் சாயங்காலம் அவர் மனைவி எழில் அக்கா எங்கள் குடியிருப்புக்கு வந்தார். ஒவ்வொரு வீடாகப் பெல் அடித்தார். அண்ணா எல்லோருக்கும் தினமும் இதே வாய்ஸ்தான் அனுப்புவாராம். கழுத்து வெட்டிட்டேன், கை பாக்கி, யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்களுதுதான் முதல்ல. யாருக்கு எந்த நாள் அனுப்பினார் என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. யாராவது ஒருவர் பழைய வாய்ஸ் ஒன்று வைத்திருந்தால் போதும் என்று கேட்டார். எதிர் வீட்டு ஆன்ட்டி சொன்னது எனக்குக் கேட்டது. “எனக்கு அந்தாளு மேல அப்பவே ஒரு மாதிரிதான்.” போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்கு மட்டும் அண்ணா ஆறு ரவிக்கை தைத்தார்.

அப்புறம் எங்கள் கதவு. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு பேரும் கதவைத் திறக்கவில்லை.

“டீச்சரம்மா, உள்ள கீறீங்கன்னு தெரியுது. ஃபேன் சத்தம் கேக்குது.”

ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனார். அம்மா அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தாள். களைந்துகொண்டே இருந்தாள்.

சீட்டைப் பத்திரமாக வை. இங்கே இருந்தால் இருக்காது.

ஜெரு


ராஜகீழ்ப்பாக்கம்
5 அக்டோபர்

அக்கா,

உனக்கு உடம்பு சரியில்லையா? மூன்று வாரமாகத் தினமும் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். தண்ணீர் லாரிக்காரர் விளம்பரச் சீட்டு மட்டும் இருக்கிறது.

சீட்டு வந்து சேர்ந்ததா? அதை மட்டும் சொல். வந்தது என்று ஒரு வார்த்தை போதும்.

அவர் கடைக் கதவை யாரோ உடைத்துவிட்டார்கள். தைக்கிற மிஷின் சாக்கடையில் கிடந்தது. பள்ளி வேன் அதைத் தாண்டித்தான் போகிறது. இணையத்தில் இப்போது யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. வேறு ஊரில் வேறு கொலை. ஆனால் அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

ஜெரு


நாமக்கல்
11 அக்டோபர்

ஜெரு,

சீட்டு வந்தது. முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை வார்டன் மேடம் பிரித்துவிட்டார். சீட்டு உறைக்குள் தடித்துத் தெரிந்ததால் என்னவோ என்று நினைத்தாராம். யாரிடமும் காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். காப்பாற்ற முடியவில்லை. மூன்று வாரம் அது அவர் மேசையில் இருந்தது. என் வீட்டுக்குச் சொல்லிவிடுவார் என்று தினமும் செத்துப் பிழைத்தேன். போன ஞாயிறு கூப்பிட்டார். முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: “கழுத்து வெட்டியாச்சு, கை பாக்கின்னா ரவிக்கைன்னு எந்தப் பொம்பளைக்குத்தான்டி தெரியாது? உங்க ஏரியாவுல ஒருத்தியும் ரவிக்கையே போடறதில்லையா?”



சீட்டில் இரண்டு எண் அச்சடித்திருக்கிறது. இரண்டாவதுக்கு மேடமே போன் போட்டார். எழில் அக்கா எடுத்தார். முகவரி வாங்கிப் பதிவுத் தபாலில் சீட்டை அனுப்பிவிட்டோம்.

ஜெரு, சீட்டில் “ஹில்டா டீச்சர்” என்றும் உங்கள் ஃபிளாட் எண்ணும் இருக்கிறது. அதை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். அடித்தால் அது வெறும் காகிதம். அடிக்கவில்லை. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். என்மேல் கோபப்படு, ஆனால் சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா


ராஜகீழ்ப்பாக்கம்
18 அக்டோபர்

அக்கா,

ஸ்தோத்திரம். கோபம் இல்லை. உன் வயிறு எப்படி இருக்கிறது? இங்கே ஒரு வாரமாக மழை. மழை விட்ட நேரத்தில் பையன்கள் வெடி போட்டுப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா திடுக்கிடுகிறாள். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் மன்னித்துக்கொள். அப்பா கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். என் அறைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நேற்று பள்ளி விட்டதும் வாசலில் எழில் அக்கா நின்றிருந்தார். குடை இல்லை. நான் யார் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “உன் அளவு நோட்டு முழுக்க கீதே பாப்பா, எட்டு வயசுலேருந்து. நாந்தான் எழுதுவேன். வளர்ந்துட்ட” என்றார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு ரவிக்கைக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். ரோஜாத் துண்டு நனையாமல் இருந்தது.

“வக்கீலு பார்த்துட்டாரு. நல்ல சீட்டுதான், ஆனா சீட்டு பேசாதுன்றாரு. அந்த வாய்ஸு எனக்குத்தான் வந்துச்சின்னு வாங்கினவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லணுமாம். நாளைக்கு ராத்திரி வூட்டாண்ட வரேன். உங்க அப்பா கீறப்பவே வரேன். திருட்டுத்தனமா வரல. நீ ஒண்ணும் பேச வாணாம், பாப்பா. கதவ மட்டும் தொற.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? யார் அதை வெளியே அனுப்பினார்கள் என்று அவர் கேட்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வேன் ஹாரன் அடித்தது. ஏறிவிட்டேன்.

அந்த நாளைதான் இன்று.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று சாயங்காலத்திலிருந்து நாலு தடவை அடுக்களைக்குப் போனேன். ஒரு தடவை தண்ணீர் குடித்தேன். ஒரு தடவை வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். இன்னும் இரண்டு தடவை எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. “என்னடி வேணும் உனக்கு?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

நான் வெட்டிய அந்த முதல் வரி திரும்பத் திரும்பக் காதில் கேட்கிறது. டீச்சரம்மா, பாப்பாவோட பிளவுஸு எடுத்துட்டேன். அது இப்போது எந்தப் போனிலும் இல்லை. என்னிடமும் அம்மாவிடமும் அப்பாவிடமும்தான் இருக்கிறது.

எட்டரை ஆகிறது. ஒருவேளை மழையில் வர மாட்டாரோ. வராமல் இருந்தால் நல்லது என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன், அக்கா. உன்னிடம் மறைக்கக் கூடாது என்று இதையும் எழுதுகிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள். பெல் அடிக்கவில்லை, கையால் தட்டுகிறார்.

அப்பா டிவியை அணைத்துவிட்டார். அம்மா அடுக்களையிலிருந்து வருகிறாள். அவள் நடை கதவுக்கு முன்னால் நின்றுவிட்டது.

ஃபேன் சுற்றுவது நிற்கிறது. அப்பாதான் அணைத்திருக்கிறார்.

இரண்டாவது தடவை. அக்கா, நான் போய்க் கதவை